வாண்டுக்கு நூற்று இருபத்துநான்கு

வியாழன், பதினான்காம் தேதி. இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். வாண்டின் நாடியைக் கட்டை விரலால் பிடித்து எண்ணிவிட்டேன். கட்டை விரலுக்கே ஒரு துடிப்பு உண்டு, அதனால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று நேற்று வகுப்பில் இரண்டு முறை சொன்னார்கள். கிடைத்த எண் 81. அது அவளுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. செல்லாது. நாளைக் காலை சரியாக எண்ண வேண்டும்.

'செல்லாது' என்ற சொல்லுக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்தாள் சின்னவள். ஒரு கோடு போதாதா என்று கேட்கக் கூடாது. ஒரு கோடு போட்டால் அது நேராக வந்ததா என்ற சந்தேகத்திலேயே அவளுக்கு அன்றைய பொழுது போய்விடும்.

அக்காவுக்கு இளையவள் என்பதால் சின்னவள். வயது இருபத்திரண்டு. அக்கா, அக்கா புருஷன், அவர்களுடைய இரண்டரை வயது மகள் வாண்டு, இவர்களோடு ஒரே வீட்டில் இருந்தாள். பகலில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசை. திங்களும் புதனும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை முதலுதவியும் நோயாளி பராமரிப்பும் சொல்லித்தரும் வகுப்பு. ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில், முழங்கால் இடிக்கிற சின்ன பெஞ்சுகளில் உட்கார்ந்து பெரியவர்கள் படித்தார்கள். "நாள் பூரா சட்டையை எண்ணி அலுத்துப்போச்சு. அதான் எண்றதுக்கு வேற ஏதாவது கிடைக்குமான்னு போயிருக்கா" என்பார் மாமா. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கேலி செய்யாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

செக்கிங் மேசை வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதில்தான் இந்தக் கதையின் வம்பே இருக்கிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓர் அளவு அட்டை வரும். அதில் இரண்டே எண்கள்: குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு. ஓர் அங்குலத்தில் பத்துத் தையலுக்குக் குறையக் கூடாது, பன்னிரண்டுக்கு மேல் போகக் கூடாது. தவழ்கிற பிள்ளையின் சட்டையானாலும் தாத்தாவின் சட்டையானாலும் அதே பத்து, அதே பன்னிரண்டு. பதின்மூன்று வந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர், ரிஜெக்ட். யாருடைய சட்டை, எத்தனை வயது என்று செக்கிங் மேசையில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் லைன் நின்றுவிடும்.

நான்கு வருடம் அப்படியே பழகிய கை. வகுப்பில் பலகையைப் பார்த்து எழுதும்போதும் அந்தக் கை அப்படியே எழுதியது. வீட்டுக்கு வந்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு ஓர் அளவு அட்டை தயார் செய்தாள். நாடி, நிமிடத்துக்கு: குறைந்தது 60, அதிகம் 100. மூச்சுக்கு ஒரு கட்டம், உடல் சூட்டுக்கு ஒரு கட்டம். பார்க்க அச்சடித்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. வாண்டு நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டியின் நடுப்பகுதியை மட்டும் தின்று, ஓரங்களை மேசையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் பக்கத்தில் அமர்ந்து, அவளுடைய மேல்கையின் உட்புறத்தில் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் வைத்தாள். குழந்தைகளுக்கு மணிக்கட்டில் கிடைக்காவிட்டால் அங்கே தேடச் சொல்லியிருந்தார்கள். கிடைத்தது. குட்டிக் குட்டியாக, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகிற துடிப்பு. கைக்கடிகாரத்தின் நொடிமுள் ஒரு முழுச் சுற்று வரும் வரை எண்ணினாள்.

நூற்று இருபத்துநான்கு.

தப்பாக எண்ணியிருப்போம் என்று நினைத்தாள். அவளுக்கு எப்போதுமே முதலில் தோன்றுவது அதுதான். மறுபடி எண்ணினாள். நூற்று இருபத்தொன்று. தன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள், எழுபத்தாறு. செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாமாவின் கையைப் போய்ப் பிடித்தாள்.

"என்னம்மா, கைது பண்றியா?"

"ஒரே ஒரு நிமிஷம் மாமா. பேசாதீங்க."

"பேசாம இருக்கணும்னா எனக்கு நாடியே நின்னுடும்."

"மாமா!"

ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம்தான். "என்ன, ரிஜெக்டா?"

"அறுபத்தெட்டு. பாஸ்."

"அப்பாடா. நெத்தியில ஸ்டிக்கர் ஒட்டாம விட்டியே, புண்ணியவதி."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரம் சரி, விரல் சரி, எண்ணிக்கை சரி. பெரியவர்கள் இருவரும் அட்டைக்குள் அடங்கினார்கள். வாண்டு மட்டும் அடங்கவில்லை. அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது?

அக்காவிடம் உடனே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. வாண்டு குறை மாதத்தில் பிறந்தவள். பிறந்ததும் பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அந்தப் பதினோரு நாளும் அக்கா பெட்டியின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளை தும்மினால் ஓட்டம், இருமினால் ஓட்டம். இந்த ஆறேழு மாதமாகத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியிருக்கிறது. அவளிடம் போய், இதயம் வேகமாக ஓடுகிறது என்று எப்படிச் சொல்வது? தன் எண்ணிக்கைதான் பிசகு என்று தெரிந்துவிட்டால் சொல்லாமலே தப்பிக்கலாம். இன்னும் இரண்டு நாள் எண்ணிப் பார்ப்போம் என்று முடிவு செய்தாள்.

அதில் இன்னொரு வம்பு வந்து சேர்ந்தது. இதயம் ஏற்கெனவே இப்படி ஓடினால், பிள்ளையும் ஓடினால் என்ன ஆகும்?

அந்த வீட்டில் அடுப்படி வாசலிலிருந்து முன்கதவு வரை நீளமாக ஒரு நடை உண்டு. வாண்டுக்கு அதுதான் பஸ் ரூட். சித்தி வேலைவிட்டு வந்ததும் பஸ் கிளம்பும். சித்தி பின்னால் தோளைப் பிடித்துக்கொண்டு பயணியாக ஓட வேண்டும். முன்கதவில் பிரேக், அடுப்படியில் பிரேக். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து சின்னவள் வந்ததும் வாண்டு வாசலில் தயாராக நின்றாள்.

"சித்தி, பஸ்ஸு!"

"பஸ் ரிப்பேர்டா செல்லம்."

"ஏன்?"

"டயர் போயிடுச்சு."

வாண்டு குனிந்து தன் இரண்டு கால்களையும் பார்த்தாள். "டயர் இருக்கே."

சின்னவள் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த துணித்துண்டுகளைக் காட்டி, இது சிவப்பு, இது நீலம் என்று உட்கார்த்தியே வைத்திருந்தாள். படம் பார்க்கும் புத்தகம், உட்கார்ந்தபடி. பந்து, அதுவும் உட்கார்ந்தபடி உருட்டுவது. நடுநடுவே மேல்கையில் இரண்டு விரல். நூற்றுப் பதினெட்டு. அழுத பிறகு நூற்று முப்பத்தாறு. ஒவ்வொன்றுக்கும் நேரம், இடம், நிலை, எல்லாம் நோட்டில் ஏறின. எவ்வளவுக்கு எவ்வளவு பிசகில்லாமல் எண்ணினாளோ அவ்வளவுக்கு அவ்வளவு பயம் கூடியது. மேசையில் நல்ல வேலைக்காரி கையில்தான் அதிகச் சட்டை ரிஜெக்ட் ஆகும். அது இங்கே வந்து இப்படி விடியும் என்று யார் கண்டது?

ஞாயிறு மதியம் வாண்டு தூங்கினாள். தூங்கும்போதாவது அட்டைக்குள் வந்துவிடும் என்று சின்னவளுக்கு ஒரு நப்பாசை. பாயின் ஓரத்தில் மண்டியிட்டு, மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டு எண்ணினாள்.

நூற்று நான்கு.

நான்கே நான்குதான் அதிகம். ஆனால் பன்னிரண்டு தையல் இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று இருந்தாலும் ரிஜெக்ட்தானே? நோட்டை மூடிக்கொண்டு எழுந்தவள் திரும்பியபோது, கதவு நிலையில் அக்கா சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"ஏய் இஞ்ச் டேப்பு, நில்லு."

அக்கா வைத்த பெயர் அது. கோபம் இல்லாதபோது அப்படிக் கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பாள். இப்போது சிரிக்கவில்லை.

"ரெண்டு நாளா பாத்துக்கிட்டே இருக்கேன். பிள்ளை ஓடல. பிடிச்சு வெச்ச மாதிரி உக்காந்தே இருக்கு. மூஞ்சியில களையில்ல. நானும் சளி பிடிக்கப் போகுதோன்னு நினைச்சேன். பாத்தா நீ வந்து வந்து கையைப் புடிக்கிற, புக்கை எடுக்கிற, எழுதுற. என்னடி அது?"

"ஒண்ணுமில்லக்கா. வகுப்புக்குப் பழகறேன்."

"என் கண்ணைப் பாத்துச் சொல்லு."

சின்னவள் கண்ணைப் பார்த்தாள். அதோடு முடிந்தது கதை. அழுகையும் எண்களும் ஒன்றாகக் கலந்து வெளியே வந்தன. நூறுக்கு மேல் போகக் கூடாதாம், நூற்று இருபத்துநான்கு, மூன்று நாளாகவே அப்படித்தான், தூக்கத்தில்கூட நூற்று நான்கு, அதனால்தான் பஸ்ஸை நிறுத்தினேன், உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா திட்டவில்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது. முகம் வெளுத்துப்போய், பாயில் கிடந்த பிள்ளையை ஒரு முறை பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தாள். பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். பிள்ளையின் பழைய மருத்துவக் கோப்பை அலமாரியின் அடியிலிருந்து உருவினாள். பதினோரு நாளில் கற்ற கைகள் தாமாகவே வேலை செய்தன.

இஸ்திரிப் பெட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்த மாமா ஸ்குரூடிரைவரோடு எட்டிப் பார்த்தார். "எங்க கிளம்பிட்டீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. பிள்ளைக்கு நெஞ்சு வேகமா ஓடுதாம்."

"எவ்வளவு?"

"நூத்தி இருபத்துநாலு" என்றாள் சின்னவள்.

லிஃப்ட் இவ்வளவு வேகம் போனால் பிரேக் பிடிச்சிருக்கும் என்றோ வேறு எதையோ அவர் சொல்லியிருக்க வேண்டிய இடம். சொல்லவில்லை. ஸ்குரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டே பிள்ளையை அள்ளித் தோளில் போட்டார்.

குழந்தைகள் மருத்துவமனை நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு வரை திறந்திருக்கும். வழியில் தூக்கம் கலைந்த வாண்டு, "கீழ விடு, நான் ஓடறேன்" என்றாள். மூன்று பேரும் ஒரே குரலில் "வேணாம்" என்றார்கள். பிள்ளை மிரண்டுபோய் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

காத்திருக்கும் அறையில் ஏழாவது டோக்கன். அக்கா அந்த மருத்துவக் கோப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சின்னவளுக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் வந்து உட்காரச் சின்னவளுக்குத் துணிவு வரவில்லை. எண்ணாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு நினைப்பு. எண்ணாமல் விட்டு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வாய் என்று அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு நினைப்பு.

அப்போதுதான் அது நடந்தது. மாமா டோக்கன் எண்ணைப் பார்க்க எழுந்தார். அந்தக் கண நேரத்தில் வாண்டு அவர் கையிலிருந்து வழுக்கி இறங்கினாள். மருத்துவமனை நடை, வீட்டு நடையைப் போல நான்கு மடங்கு நீளம். வழவழவென்ற தரை. இரண்டு நாளாக டிப்போவில் நின்ற பஸ் எத்தனை வேகமாகக் கிளம்பும்? "பாம் பாம்" என்று வாண்டு ஒரே ஓட்டமாக ஓடினாள். பின்னால் அக்கா, அவளுக்குப் பின்னால் மாமா, அவருக்குப் பின்னால் சின்னவள்.

"புடிங்க, புடிங்க! அவ ஓடக் கூடாது!" என்று கத்தினாள் அக்கா.

நடையின் கடைசியில் ஒரு கதவு திறந்து, கண்ணாடி போட்ட டாக்டரம்மா வெளியே வந்தார். பஸ் அவர் முழங்காலில் பிரேக் போட்டு நின்றது.

"யாரு இது? டிரைவரா?"

"எங்க பொண்ணு டாக்டர்" என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "அவளுக்கு இதயத்துல..."

டாக்டரம்மா குனிந்து வாண்டைப் பார்த்தார். பிறகு மூச்சிரைத்து நின்ற மூன்று பேரையும் பார்த்தார். "உங்க மூணு பேரையும் பாத்தாதான் எனக்குக் கவலையா இருக்கு. உள்ள வாங்க."

உடனே எண்ணிவிடவில்லை. "இப்போ எண்ணினா ஓட்டத்தோட கணக்குதான் வரும். அஞ்சு நிமிஷம் அம்மா மடியில உக்காரட்டும்" என்றார். அந்த ஐந்து நிமிடத்தில் சாப்பிடுகிறாளா, விளையாடும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறாளா, உதடு நீலமாகிறதா, மயக்கம் வந்ததா, காய்ச்சல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நன்றாகச் சாப்பிடுகிறாள், மற்ற எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று அக்கா சொல்லச் சொல்ல, அவள் குரலே அவளுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது. பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் கையில் தேய்த்துச் சூடாக்கி வாண்டின் நெஞ்சில் வைத்தார். கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம்.

"நூத்தி இருபது."

"அய்யோ" என்றாள் அக்கா.

"எதுக்கு அய்யோ? அழகா ஓடுது. கூடுதலா முணுமுணுப்புச் சத்தம் எதுவும் கிடையாது, தாளம் தப்பல. இந்த வயசுக்கு இதான் வேணும்."

யாருக்கும் புரியவில்லை. சின்னவள் நோட்டை நீட்டினாள். டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். காலை ஏழு இருபது, நாற்காலியில், சாப்பிடும்போது, 124. மாலை மூன்று பத்து, அழுத பின், 136. மதியம் இரண்டு, தூக்கத்தில், 104.

"யார் எண்ணினது?"

"நான்தான் டாக்டர். தப்பா எண்ணிட்டேனா?"

"சுத்தமா எண்ணியிருக்கீங்க. அழுதா ஏறுது, தூங்கினா இறங்குது. எல்லாம் சரி. ஆனா இது என்ன?" கடைசிப் பக்கத்து அட்டையில் விரலை வைத்தார். "அறுபதிலேர்ந்து நூறு. யாருக்கு?"

"நாடிக்கு."

"அது தெரியுது. யாரோட நாடிக்கு?"

சின்னவள் குனிந்து அட்டையைப் பார்த்தாள். புதன்கிழமைப் பலகை கண்முன் வந்தது. எண்களுக்கு மேலே, பச்சைச் சாக்பீஸில், கொஞ்சம் சாய்வாக ஒரு சொல் இருந்தது. பெரியவர்கள். அதைப் பார்த்தது நன்றாக நினைவிருந்தது. எழுதாமல் விட்டதும் இப்போது நினைவுக்கு வந்தது. அளவு அட்டையில் ஆள் பெயருக்கு ஏது கட்டம்?

"பெரியவங்களுக்கு" என்றாள், காதில் விழாத குரலில்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சின்ன இதயம்ல? ஒரு துடிப்புக்குக் கொஞ்சம் ரத்தம்தான் தள்ள முடியும். செம்புல தண்ணி தூக்குறவன், குடத்துல தூக்குறவனைவிட அதிக நடை நடக்கணும். ரெண்டு வயசுப் பிள்ளை முழிச்சிருக்கும்போது நூறிலிருந்து நூத்தி நாப்பது வரைக்கும் இருந்தா நாங்க கவலைப்பட மாட்டோம். தூங்கும்போது இன்னும் குறையும். பச்சைக் குழந்தைக்கு இதைவிட அதிகம். வளர வளர இறங்கும். பத்து வயசுக்கு மேலதான் உங்க அட்டைக்குப் பக்கத்துல வரும். அமைதியா தூங்கும்போதும் ரொம்ப வேகமாவே இருக்குது, மூச்சு வாங்குது, உதடு நீலமாகுது, சாப்பிடாம துவண்டு போகுதுன்னா அப்போ ஓடி வாங்க. இன்னிக்கு நீங்க ஓடினதுல தப்பில்ல. ஆனா வீட்டுக்குப் போகும்போது இவளை ஓட விடுங்க."

போன உயிர் திரும்பி வந்தது என்பார்கள். அக்காவுக்கு அது ஒரே மூச்சாக வரவில்லை, தவணையில் வந்தது. முதலில் கோப்பை அழுத்தியிருந்த விரல்கள் தளர்ந்தன. பிறகு தோள் இறங்கியது. வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போதுதான் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லை எழுதாம விட்டு என் உசுரை வாங்கிட்டியே, இஞ்ச் டேப்பு!"

"திட்டுக்கா. நல்லா திட்டு."

"திட்டத்தான் போறேன். வீட்டுக்குப் போய் உக்காந்து சாவகாசமா திட்டறேன். இப்போ தெம்பில்ல." சின்னவளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். இழுத்த கையை விடவில்லை. "ஆனா மூணு நாளா தனியா வெச்சுக்கிட்டு வெந்தியே, அது எதுக்குடி? எங்கிட்ட சொன்னா நான் என்ன செத்தா போயிடுவேன்?"

"உனக்கு மறுபடியும் அந்தக் கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வந்துடும்னு..."

"தினமும்தான் வருது. இன்னிக்கு ஒரு டாக்டர் அழகா ஓடுதுன்னு சொன்னாங்க. அதுவும் இனிமே ஞாபகம் வரும்ல?"

மாமா சட்டைப் பையிலிருந்த ஸ்குரூடிரைவரை அப்போதுதான் கண்டுபிடித்தார். "இதை எதுக்குடா கொண்டு வந்தேன்? இதயத்தைக் கழட்டி மாட்டவா?" என்று அவரே கேட்டு அவரே சிரித்தார். வாண்டைக் கீழே இறக்கிவிட்டார். "போ தாயி, ரூட் கிளியர்."

பஸ் கிளம்பியது. ஒரு மரத்தடியில் நின்றது, ஒரு தபால் பெட்டியிடம் நின்றது, ஒரு நாயிடம் கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றது. யாரும் எண்ணவில்லை.

வீட்டு வாசலில் அக்கா கேட்டாள்: "இந்த அட்டையை வேற யாருக்காவது குடுத்துத் தொலைச்சியா?"

சின்னவளின் கால் படியிலேயே நின்றது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை போனில் கேட்டு, வகுப்பில் கூடப் படிக்கிற இரண்டு பேர் அட்டையைப் படமாக வாங்கியிருந்தார்கள். ஒருவர் நூலகத்தில் வேலை செய்கிற அம்மா, அவர் வீட்டில் எல்லாரும் வயதானவர்கள். இன்னொருவர் ரொட்டிக்கடைக்காரர். அவருக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவருக்கு போன் போட்டாள். தப்பைச் சொன்னாள், மூச்சுவிடாமல் மன்னிப்புக் கேட்டாள்.

மறுமுனையில் சாவகாசமான குரல். "அட, அதுவா? நானும் நேத்து எண்ணினேனே. நூத்தி முப்பத்திரண்டு வந்துச்சு."

"நீங்க பயப்படலியா?"

"எதுக்கு? நான் என்னிக்குங்க சரியா எண்ணியிருக்கேன்? டஜனுக்கே பதிமூணு வெச்சுக் குடுத்துடறேன்னு பொண்டாட்டி திட்டுறா. எண்ணினது தப்புன்னு விட்டுட்டுப் பாப்பாவைக் குளிப்பாட்டப் போயிட்டேன்."

போனை வைத்த சின்னவள் முதல்முறையாக அன்று வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், அவர் அப்படி விட்டதும் சரியில்லையே என்று தோன்றியது. சந்தேகப்படுகிறவள் ஒருத்தி பிள்ளையை ஓடவிடாமல் செய்கிறாள், சந்தேகமே படாதவர் ஒருவர் குளிப்பாட்டப் போகிறார். இரண்டு பேருக்கும் ஒரே அட்டை. அடுப்படியில் விளக்கைப் போட்டு, வாண்டு மேசைக்கு அடியில் பஸ்ஸை நிறுத்தியிருக்க, நோட்டைத் திறந்து எழுதினாள்.

ஞாயிறு, பதினேழாம் தேதி. தவறு: 'பெரியவர்கள்' என்ற சொல்லை எழுதாமல் விட்டேன். டாக்டர் எண்ணியது 120. என் எண்ணிக்கை எல்லாம் சரி. வாண்டு நலம்.

நாளை, திங்கள். ஐந்தே முக்காலுக்கு வகுப்புக்குப் போக வேண்டும். வயது வாரியான நாடி, மூச்சு அளவுகளை ஆசிரியரிடம் கேட்டு எழுதி, அவரிடமே காட்டிச் சரிபார்த்து, பழைய படத்தை அழிக்கச் சொல்லி இரண்டு பேருக்கும் புது அட்டை கொடுக்க வேண்டும்.